இல்லாத சுவரும் ஐந்து ஃபவுலும்

தார்னூக், விக்டோரியா
நவம்பர் 23, ஞாயிறு காலை

என் செல்லக் கீலிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு எப்போதும்போல முட்டி வலி, உன் அப்பாவுக்கு அறுவடைத் தூசியில் ஓயாத தும்மல், நம் நாய் பட்டன் மட்டும் எங்கள் இருவருக்கும் இல்லாத ஆரோக்கியத்தோடு இன்று காலை என் செருப்பில் ஒன்றைத் தின்று தீர்த்தது. போலந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. உன் வீட்டுக்கார அம்மா ஹலினா கொடுக்கும் பீட்ரூட் சூப்பை வாய்க்குப் பிடிக்கவில்லை என்றாலும் குடி, உடம்புக்கு நல்லது, அந்த அம்மாள் மனதுக்கும் நல்லது. பார்லி அறுத்து முடிந்தது, கோதுமையில் பாதி ஆகிவிட்டது, மழை மட்டும் பத்து நாள் தள்ளிப் போனால் போதும். இந்தக் கடிதம் தபாலில் வந்து சேர மூன்று வாரமாகும், உன்னிடம் அத்தனை பொறுமை கிடையாது என்று எனக்குத் தெரியும், அதனால் நாளைக்கு லைப்ரரியில் ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டு அசலைத் தபாலில் போடுகிறேன். கையால் எழுதினால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய சேதியை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். கோச் உன்னைப் பார்த்து நேற்றுப் பந்தைத் தொட்டவள்கூட இத்தனை ஃபவுல் செய்யமாட்டாள் என்று சொன்னாராம், இருப்பதா கிறிஸ்துமஸோடு கிளம்புவதா என்று வருகிற 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லிவிட்டார்களாம். நீ என்ன எழுதியிருந்தாய்? "அம்மா, அஞ்சாவது ஃபவுல் என்னோடது இல்லவே இல்ல. ஆட்டத்தைப் போட்டு நீயே ஸ்கோர் எழுதிப் பாரு. உன் தாள்ல நாலுன்னு வந்தா இருக்கேன், அஞ்சுன்னு வந்தா பெட்டியக் கட்டிட்டு வந்துடறேன்." நல்ல பந்தயம்தான் போட்டாய் போ. இருபத்தாறு வயதுப் பெண், உலகத்தின் அந்தக் கோடியில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடுகிறவள், இன்னும் பன்னிரண்டு வயதில் ஐஸ்கிரீமுக்குப் பந்தயம் கட்டியது மாதிரியே கட்டுகிறாய். எண்ணை இப்போதே சொன்னால் மீதியைப் படிக்கமாட்டாய், ஆகையால் சொல்லப்போவதில்லை. பக்கத்தைப் புரட்டாதே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் சேதியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கிறிஸ்துமஸுக்கு என் பெண் வீட்டில் இருப்பாள் என்று உன் அறை ஜன்னலைத் திறந்து போர்வையைக்கூட வெயிலில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது, மடித்து உள்ளே வைத்தேன். அப்புறம் மேசையைத் துடைத்து, நம் ஊர் ஆட்டங்களில் நான் எழுதுகிற ஸ்கோர் தாளில் ஒன்றை எடுத்து, பென்சிலைச் சீவி, டோஸ்ட்டும் டீயும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் கிளப் போடும் முழு ஆட்டப் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டேன். உன் அப்பா அறுவடை இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டு உயிரை வாங்கினார். "கீலி உள்ளதானே இருக்கா? இன்னும் உள்ளதானே?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. ஐந்தாவது ஃபவுல் என்று ஊதி உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேன். உடனே, "அந்த நடுவருக்குக் கண்ணு கிண்ணு தெரியுதா இல்லையா?" என்றார். "தெரியுது கிரேம், நீ கோதுமையப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முதல் தடவை எழுதியபோது வந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. பெற்றவள் மனது, கணக்கில் தப்பு இருக்காதா என்று தேடியது. மறுநாள் ஆட்டக் கொட்டகையில் கேன்டீன் நடத்தும் ரேலினைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டாம் தடவை எழுதினேன். அதே எண். கீலி, ஐந்துதான். ஐந்தும் உன்னுடையதுதான். அந்தக் கடைசி ஃபவுலில் உன் கூட்டாளி குறுக்கே நிற்பதால் அவள் செய்தது மாதிரித் தெரிகிறது, ஆனால் எதிரணிப் பெண்ணின் இடுப்பைச் சுற்றியிருந்த கையில் நீல நாடா கட்டியிருந்தது, அது உன் மணிக்கட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். உனக்காக நான்கு என்று எழுதியிருக்கலாம். எழுத வரவில்லை. கோபப்பட்டால் படு, ஆனால் பெட்டியை இழுக்காதே, இன்னும் முடியவில்லை.

அந்த இடத்தில்தான் ரேலின் வாயில் வைத்த டோஸ்ட்டோடு எழுந்து நின்றுவிட்டாள். "அடியே லினெட், நிறுத்து நிறுத்து, பின்னால போ. ஃபவுலா பண்றா அவ? அந்தப் பொண்ணு சுவத்துல மோதாமப் புடிக்கிறாடி!" என்று கத்தினாள். எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. திரும்பப் போட்டோம். ஐந்தில் மூன்று ஃபவுல் கடைசிக் கோட்டுக்கு அருகில், கூடைக்குக் கீழே. எதிரணிப் பெண் பாய்ந்து வருகிறாள், பந்தை எறிகிறாள், நீ பந்தைப் பார்க்கவே இல்லை, அவள் இடுப்பில் கையைப் போட்டு நிறுத்துகிறாய். அசல் தார்னூக் பிடி! நம் தகரக் கொட்டகையில் கடைசிக் கோட்டுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே ஒரு எட்டுகூடக் கிடையாது, பதினாறு வயதில் ரேலின் தோள் எலும்பை அந்தச் சுவரில்தான் உடைத்துக்கொண்டாள், அன்றிலிருந்து நம் ஊர்ப் பெண்கள் யார் பாய்ந்து வந்தாலும், எதிரணியாகவே இருந்தாலும், பிடித்து நிறுத்திவிட்டுத்தான் பந்தைத் தேடுவார்கள். வெளியூர் அணிகள் முதல் தடவை திகைக்கும், இரண்டாம் தடவை நன்றி சொல்லும். நம் நடுவர் யாரும் அதற்கு ஊதுவதில்லை. ஊதாததை நான் தாளில் எழுதுவதில்லை, எழுதாததை நான் பார்த்ததும் இல்லை. உனக்கு ஐந்து வயதில் பழகிய கை அது. மெல்பர்னில் விளையாடிய வருடங்களிலும் உன் கை சும்மா இருக்காது, சும்மா இருக்காது என்று அவர்கள் சொன்னது இதைத்தான், அந்த மக்குகளுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

நானும் ரேலினும் சிரித்த சிரிப்பில் பட்டன் குரைக்க ஆரம்பித்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். "என் தோள் உடைஞ்சதுக்கு இவ அங்க போய், பேரு தெரியாத பொண்ணுங்களையெல்லாம் காப்பாத்திட்டிருக்கா பாரேன்" என்றாள். நீ கவனக்குறைவானவள் இல்லை கண்ணே. இல்லாத ஒரு சுவரிலிருந்து ஆட்களைக் காப்பாற்றுகிறவள். அங்கே கூடைக்குப் பின்னால் எத்தனை இடம் இருக்கிறது என்று படத்தில் பார்த்தேன், ஒரு லாரியே நிறுத்தலாம். அவர்கள் போய் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு எழுந்து வருவார்கள். கையை விடு. உன் கோச்சை நாளைக்கே அழைத்துப் போய்க் கோட்டுக்குப் பின்னால் நிற்கவைத்து இதைச் சொல், நம் கொட்டகையின் போட்டோவைக் காட்டு, ரேலினைச் சுவரோரம் நிற்கவைத்து எடுத்து இத்துடன் அனுப்புகிறேன், அவள் லிப்ஸ்டிக் எல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். இன்னொன்றையும் தாள் சொல்கிறது, அதையும் அவரிடம் காட்டு. நீ உள்ளே இருந்த இருபத்திரண்டு நிமிடத்தில் உங்கள் அணி எதிரணியைவிடப் பதினொரு புள்ளி கூட எடுத்தது. நீ இல்லாத நேரத்தில் பதினான்கு குறைந்தது. மூன்றில் தோற்றீர்கள். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, பதிமூன்று வருடமாகச் சொல்லாதது. அந்தப் பதினான்கு வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டத்தில் கடைசி வினாடியில் நீ கூடை போட்டுவிட்டு நேராக என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். காரில் வரும்போது, "அம்மா, நீ பாத்தியா?" என்று கேட்டாய், நான் "பாக்காமலா எழுதினேன்?" என்றேன். அதற்குப்பின் நீ என்னை அப்படிக் கேட்டதே இல்லை. ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவர் ஸ்கோர் மேசையில் உட்கார வேண்டும், வேறு யாரும் வரமாட்டார்கள், உட்கார்ந்தவர் கைதட்டக் கூடாது, முகத்தைக்கூடக் காட்டக் கூடாது. அந்த விதியை நான் ஒழுங்காகக் காப்பாற்றினேன். உன் ஆட்டம் ஒவ்வொன்றிலும் நான் உனக்கு மிக அருகில் இருந்தேன், ஒருநாள்கூட உனக்காகக் கத்தியதில்லை. மற்ற பெண்களின் அம்மாக்கள் தொண்டை கிழியக் கத்தும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அது தப்பு. என்னை மன்னித்துவிடு.

அதனால் நான் வருகிறேன். படித்தது சரிதான், வருகிறேன். ஜனவரி பத்தாம் தேதி வார்சாவில் இறங்குகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அறுவடை அதற்குள் முடிந்துவிடும், மேசைக்கு ரேலின் உட்காருகிறாள், உன் அப்பா மூன்று வாரம் முட்டையும் டோஸ்ட்டும் தின்று பிழைத்துக்கொள்வார். என் வாழ்க்கையில் முதல் பாஸ்போர்ட். போஸ்ட் ஆபீஸில் போட்டோ எடுத்த விவியன், "சிரிக்கக் கூடாது லினெட், ஸ்கோர் மேசையில உக்காந்திருக்கிற மூஞ்சி போதும்" என்றாள், ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. பதினான்காம் தேதி உங்களுக்குச் சொந்த ஊரில் ஆட்டம், எனக்குச் சாதாரண நாற்காலி வாங்கி வை, மேசையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. பென்சில் கொண்டுவரமாட்டேன். போலிஷில் எப்படிக் கத்துவது என்று ஹலினா அம்மாவிடம் கேட்டு வை. அதன்பிறகும் வீட்டுக்கு வர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சேர்ந்தே கிளம்புவோம், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பந்தயப்படி பார்த்தால் நீ பெட்டி கட்ட வேண்டியவள்தான். ஆனால் நீ இங்கே வந்து உட்கார்ந்துகொண்டால் நான் அங்கே போய் யாருக்காகக் கத்துவது?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல மறக்காதே, அவர்களுக்கும் எனக்கும். கையுறை இரண்டு ஜோடி பின்னிக்கொண்டிருக்கிறேன், ஒன்று ஹலினா அம்மாவுக்கு. உன் கையும் காலும் நன்றாக இருக்கட்டும், நீ எறிவதெல்லாம் கூடையில் விழட்டும், நிம்மதியாகத் தூக்கம் வரட்டும். அப்பாவின் முத்தமும் தும்மலும் இத்துடன்.

என்றும் உன் அம்மா,
லினெட் ஹார்ட்டிகன்

பி.கு.: நேற்று மூன்றாம் தடவையும் தனியாக உட்கார்ந்து எழுதினேன், அந்தத் தாளைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் உனக்கு இரண்டு புள்ளி குறையும். மூன்றாம் கால் பகுதியில், இரண்டு பேருக்கு நடுவே புகுந்து இடது கையால் போட்டாயே, அந்தக் கூடை தாளில் இல்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான், அதைத் திருத்தப் போவதில்லை. கைதட்டிக்கொண்டிருந்தேன்.