பாலத்துக்கு இந்தப் பக்கம்

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எந்த அறுவடை மெஷின் எந்த வயலுக்கு என்று எழுதுகிறவனுக்கு என்ன குறைச்சல்? இங்கே எனக்குத்தான் வயிறு எரிகிறது.

கோதுமை முற்றிப்போய் நிற்கிறது. காலையில் வரப்போரமாக நடந்தேன். கை பட்டதற்கே மணி கொட்டுகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். அந்தப் பக்கத்தில் அறுத்து, மூட்டை கட்டி, வைக்கோலையும் ஏற்றிவிட்டார்கள். உன் அத்தானோ, "அவன் நம்ம பையன், அனுப்பாம இருப்பானா?" என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வருடாவருடம் உனக்கு அனுப்புகிற மூட்டைக்குச் சாக்கைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அதற்காகவாவது மெஷினை அனுப்பு.

உன் அக்கா

மே 7

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தபின் சாப்பாடு இறங்கவில்லை. கோபப்படாமல் கேள். எங்கள் நிலையத்தில் ஓடுவது இரண்டே மெஷின். மற்றவை பெல்ட் இல்லாமல் கொட்டகையில் தூங்குகின்றன. விதைப்பு முடிந்ததுமே பெல்ட் கேட்டு எழுதினேன். "சீசன் முடியட்டும் சார், அனுப்பிடறோம்" என்கிறான் கம்பெனிக்காரன். சீசன் முடிந்தபின் அதை இடுப்பிலா கட்டிக்கொள்வது?

ஓடுகிற இரண்டில் பெரியது மேலதிகாரி ஆசைப்பட்டு இந்த வருடம் வாங்கியது. அது உங்கள் பாலத்தைவிட அகலம். பாலம் தாண்டக்கூடியது சின்னது ஒன்றுதான். அது கிளம்பிவிட்டது, வந்து சேரும். அத்தானிடம் சொல்.

உன் தம்பி

மே 11

தம்பிக்கு,

மெஷின் வந்தது. வந்து என்ன பிரயோசனம்? டிரைவர் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓட்டினான். பின்னால் போய் வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். அடியில் மணி கொட்டிக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினுக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

"ஏம்ப்பா, மெதுவா ஓட்டினா என்ன?"

"சீசன் முடியுது, நாளைக்கே வண்டியை நிலையத்துல திருப்பிக் குடுக்கணும்மா. கடைசித் தெருன்னா இப்படித்தான். மெதுவா ஓட்டினாலும் நிறைய கொட்டத்தான் செய்யும், அவ்வளவு காய்ஞ்சு போச்சு."

"நாங்க ஏன் கடைசி? போன வருஷமும் நாங்கதானே கடைசி?"

அவன் சிரித்தான். "மேனேஜர் சாரோட அக்கா தெருவாச்சே! சொந்தக்காரங்களுக்கு முதல்ல அனுப்பினார்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு, உங்க பக்கத்தை எப்பவும் கடைசியிலதான் போடுவாரு. ரொம்ப நேர்மையான மனுஷன்மா."

பெல்ட் வராததற்கு நீ என்ன செய்வாய்? ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய மெஷினை அந்தப் பக்கம் ஓட்டவிட்டு, சின்னதை எங்களுக்கு முதலில் அனுப்ப உன் கையில் அதிகாரம் இருந்ததா இல்லையா? உன் பெயர் கெடக் கூடாது என்று ஒரு தெருவே கோதுமையை மண்ணில் கொட்ட வேண்டுமா? என்னை விடு. அடுத்த வயல்காரர் உனக்கு மாமனா, மச்சானா? அவர் மனைவி குனிந்து குனிந்து மணி பொறுக்குகிறாள். விதைக்குக்கூடத் தேறாதாம். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இதுவா நேர்மை? வெட்கமாக இல்லையாடா உனக்கு? பதில் எழுது.

அக்கா

மே 14

அக்காவுக்கு,

டிரைவர் சொன்னது உண்மைதான். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் மைத்துனனுக்கு முதலில் மெஷின் அனுப்பித்தான் வேலையை இழந்தார். அந்தப் பேச்சுக்கு நானும் இடம் கொடுக்க முடியுமா? மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், என் அக்கா பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். உன்னிடம் எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அடுத்த வருடமும் உங்கள் பக்கத்தை என்னால் முன்னால் போட முடியாது. நீ என் அக்கா. அதற்கு நான் என்ன செய்ய?

தம்பி

மே 18

மெஷின் நிலைய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பாலத்துக்கு இந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோரின் சார்பாக எழுதுகிறேன்.

எங்களுடையது மேட்டு நிலம். மற்றவர்களுக்கு முன்பே எங்கள் கோதுமை முற்றிவிடும். அடுத்த அறுவடைக்கு, முற்றுகிற வரிசைப்படி மெஷின் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். பெல்ட்டை இப்போதே வாங்கி வைக்கவும். டிரைவரிடம் நிதானமாக ஓட்டச் சொல்லவும்.

தங்களுக்கு வழக்கமாக வரும் மூட்டை இந்த வருடம் வராது. அதை அடுத்த வயல்காரருக்கு விதைக்குக் கொடுத்துவிட்டேன்.

தங்களுக்கு இந்தத் தெருவில் உறவினர் யாரும் இல்லை. ஆகவே எங்களைக் கடைசியில் போட வேண்டிய அவசியம் இனி தங்களுக்கு இராது.

இப்படிக்கு,
பாலத்தை ஒட்டிய வயல்காரி