அழிந்துபோன முத்திரை

ஆடி 20, செவ்வாய்

வேலம்பாளையத்தில் மூடிப்போன பனியன் கம்பெனியில் பழைய நாற்காலிகளை எடுக்கப் போனேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பிளைவுட் நாற்காலிகள். அங்கே விற்க மிச்சம் இருந்தவை அவைதான். போன வாரம் பார்த்தபோது இருக்கைக்கு அடியில் செய்த வருடத்தின் முத்திரை இருந்தது. என்னிடம் பழைய சாமான் வாங்கும் பெங்களூர்க்காரர் அதைப் பார்த்துத்தான் வாங்குவார். அன்றே போட்டோ எடுக்கத் தோன்றவில்லை.

இன்று ஒன்றில்கூட முத்திரை இல்லை. துணியில் எண்ணெய்க் கறை எடுக்கும் மருந்தை அடித்து ஓனரம்மா துடைத்துவிட்டார்.

“கறையோட குடுக்கலாமுங்களா? பளிச்சுன்னு இருக்குதுங்களா?” என்றார்.

“இருக்குதுங்க” என்று சொல்லி, பேசிய பணத்தைக் கொடுத்து எடுத்து வந்தேன்.

பிரிண்டிங் பட்டறை பழனிச்சாமி கேட்டுவிட்டுச் சிரித்தான். “இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தீங்க? திருப்பூர்ல அச்சுக்குப் பஞ்சமுங்களா? எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, அடிச்சுத் தர்றனுங்க.”

இருந்ததைத்தானே அடிக்கிறோம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு தடவை அடித்துவிட்டால், அப்புறம் நிஜ முத்திரையைக் காட்டி வருடம் சொல்லும்போதும் வாய் கூசும்.

பெங்களூர்க்காரருக்கு வாட்ஸ்அப்பில் உள்ளதை எழுதி அனுப்பிவிட்டேன். படித்துவிட்டார். பதில் இல்லை.

வேண்டாமென்றால் நானே வைத்துக்கொள்வேன். துடைத்ததால்தான் மதிப்பு போனது என்று அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.