சேகோ மில் வளைவில் நிற்கிற வண்டி

குட்டி மாமா,

இன்று காலையிலும் நம் பவித்ராவின் சைக்கிளைக் கழுவினேன். ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்காரன் ரோட்டில் திறந்துவிடுகிற கழிவுத் தண்ணீர் சக்கரம் முழுக்க அப்பிக் காய்ந்திருந்தது. மரவள்ளிக் கிழங்குச் சக்கையான திப்பி புளித்த அந்த நாற்றம் சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் வைத்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "மூக்கப் புடிச்சுக்கிட்டுத் தின்னு புள்ள, வகுத்துக்கு ஏது மூக்கு" என்று சிரித்திருப்பீர்கள்.

அந்தத் தண்ணீருக்குப் பயந்துதான் இந்த வண்டியையே வாங்கினீர்கள். நம் மகள் மில் வளைவைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். பழைய வண்டியில் பிரேக்கின் ரப்பர் கட்டை சக்கரத்தின் விளிம்பை, ரிம்மைப் பிடிக்கும். ரிம்மில் திப்பி ஒட்டிவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக்கொண்டே போகும். வளைவுக்கு அப்பால் மெயின் ரோடு, கிழங்கு லாரிகள் வந்துகொண்டே இருக்கும். "பிரேக் தட்டு சக்கரத்து நடுவுல இருக்குது பாரு, சேறு அத்தன சீக்கிரம் எட்டாது" என்று டிஸ்க்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள்.

காட்டிவிட்டு நீங்கள் செய்த வேலை! ஆயுத பூசைக்குத் தறியைத் துடைத்த எண்ணெய்த் துணியாலேயே டிஸ்க்கையும் பளபளவென்று துடைத்து, சந்தனம் வைத்தீர்கள். மின்னுகிற இரும்பெல்லாம் எண்ணெய் கேட்கும் என்பது தறிக்காரர் எல்லாருடைய நினைப்பும்தான். லீவு முடிந்து அவள் பள்ளிக்கூடம் போன அன்றைக்குப் பிரேக் கிறீச்சென்று கத்தியது, பிடிக்கவில்லை. லாரியைக் கண்டு பயந்து, பிள்ளை வண்டியை மில் சாக்கடைக்குள் திருப்பிவிட்டாள். தறிப் பட்டறையிலிருந்து ஓடி நீங்கள்தான் தூக்கி வந்தீர்கள். கை சுளுக்கியிருந்தது. தலைமுடியில் அந்த நாற்றம் நாள்கணக்கில் போகவில்லை.

சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிஸ்க்குல எண்ணெ படவே கூடாதுங்கண்ணா. பிரேக் கட்டை எண்ணெயக் குடிச்சிருச்சு, மாத்தோணும்." நீங்கள் என்னைப் பார்த்து, "போச்சாது உடு, கை ஒடியலையே" என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பெற்ற பிள்ளை சாக்கடையில் கிடந்து வந்திருக்கிறாள், இவர் போச்சாது, போனால் போகட்டும் என்கிறாரே என்று எனக்கு உங்கள்மேல் அருவருப்பாகவே இருந்தது.

தை பிறக்கும் முன்னால் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

காரியம் முடிந்த அன்றைக்கே உங்கள் தம்பி, பஜ்ஜி தின்ற எண்ணெய் வாயைத் துடைக்காமல், "அந்த வண்டி வந்த நேரமே செரியில்லீங்க அண்ணி" என்றார். நீங்கள் போனதற்குச் சைக்கிளா காரணம்? அடுத்த வாரம் தன் வீட்டில் கிடந்த ரிம் பிரேக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "இதுல போவட்டும். பயமா இருந்தா பள்ளிக்கூடத்த நிறுத்திப்போட்டுத் தறிக்கு அனுப்புங்க. பொட்டப்புள்ள படிச்சு என்ன கலெக்டரா ஆவப் போவுது?"

சொல்லிவிட்டு நம் வாசலிலேயே காறித் துப்பினார்.

நான் படித்தது அஞ்சாவது. நீங்கள் சொன்னதை நம்புவதா, உங்கள் தம்பி சொல்வதை நம்புவதா என்று தெரியவில்லை. அதனால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஓட்டிப் பார்த்தேன். மில் வாசலில் நின்றவர்கள், "அக்கா, ரேசுக்குப் போறீங்களா?" என்று கேலி பேசினார்கள். முதலில் உங்கள் தம்பி வண்டியில் திப்பித் தண்ணீரைத் தாண்டிப் பிரேக்கைப் பிடித்தேன். அது பாட்டுக்குப் போனது. காலை ஊன்றித்தான் மெயின் ரோட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். செருப்பெல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டது. பிறகு உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்கு வந்தேன். கட்டை புதிது. பிடித்த இடத்தில் நின்றது.

உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, "உங்க வண்டிய எடுத்துக்கோங்க தம்பி. எம்புள்ள டிஸ்க்குலதான் போவா, பள்ளிக்கூடத்துக்குத்தான் போவா" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் பவித்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா வண்டிய வித்துப்போடுவியோன்னு பயந்துட்டேம்மா" என்றாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, "நான் உளுந்தன்னிக்கு அப்பா என்னையத் தொட்டித் தண்ணியில கழுவி உட்டாரு. அப்பத் தேம்பித் தேம்பி அழுதாரும்மா. எண்ணெ போட்டது நாந்தேன் சாமி, நாந்தேன்னு அழுதாரு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு" என்றாள்.

கையில் இருந்த திப்பி நாற்றத்தையும் மறந்து அவளை மடியில் போட்டுக்கொண்டேன்.

இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தோம். என் முன்னால் அழுதிருந்தால் நான் என்ன சொல்லிவிடுவேன் என்று நினைத்தீர்கள், மாமா?