எந்தப் பாடத்தை விடுவது?

மினசோட்டா
செப்டம்பர் 19, 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. கப்பலில் இரும்புத்தாது ஏற்றி ஏற்றி விரலும் இரும்பாகிவிட்டதா?

ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். இந்த வருடம் பாடங்கள் மிக அதிகம். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒன்றை விட்டுவிடு என்கிறார் பள்ளி ஆலோசகர் மிஸ் ட்ரெஸ்லர். "எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு எல்லாத்துலயும் கோட்டை விடாதம்மா" என்றார்.

கால்குலஸ் எங்கள் பள்ளியில் கிடையாது. விடியுமுன் ஏரிக்கரைச் சாலையில் பக்கத்து ஊருக்கு நானே காரோட்டிப் போகிறேன். பள்ளி விட்டதும் ரொட்டிக்கடை வேலை. விடக்கூடிய இன்னொரு பாடம் பள்ளிப் பாட்டுக் குழு. அங்கே போனால்தான் எனக்கு மூச்சே வருகிறது. கால்குலஸை விடட்டுமா?

அம்மா இரவுப் பணி முடிந்து வருவதற்குள் நான் கிளம்பிவிடுகிறேன். பேச்செல்லாம் ஃபிரிட்ஜில் ஒட்டும் சீட்டுகளில்தான்.

உங்கள் அன்பு மகள்,
சிக்னே

ஹூரன் ஏரி
செப்டம்பர் 30

என் செல்லப் பெண்ணுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, கரையைக் கண்டால்தானே தபால் போடுவது. முதுகு அப்படியேதான் இருக்கிறது.

கால்குலஸை விட்டால் பொறியியலை மறந்துவிட வேண்டியதுதான். பாட்டு எங்கே ஓடிவிடப் போகிறது? குளிக்கும்போது பாடு! நான் பள்ளியைப் பாதியில் விட்டவன். அதனால்தான் இந்த வயதிலும் குளிர் வந்தால் கப்பல் தளத்தில் பனி செதுக்குகிறேன். நம் வீட்டில் ஒருவர் விட்டது போதும். பாட்டுக் குழுவை விடு. காருக்குப் பனியில் வழுக்காத குளிர்காலத்து டயரை மாட்டச் சொல்.

உன் அப்பா,
வெர்லின்

மினசோட்டா
அக்டோபர் 14

அன்புள்ள அப்பா,

நீங்கள் சொன்னபடியே பாட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். அது நடந்த நேரத்தில் இப்போது நூலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நேற்றுக் காலை கண் விழித்தால் நான் காரில் இருக்கிறேன்! சாலையோரப் புல்லில் கார் நிற்கிறது. இஞ்சின் ஓடுகிறது. எதிரே ஏரி. எப்படி அங்கே போனேன், பிரேக்கை எப்போது மிதித்தேன், ஒன்றும் நினைவில்லை. வகுப்புக்குச் சரியான நேரத்தில் போய்விட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

இந்த மாதக் கடைசிக்குள் இன்னொரு பாடத்தையும் விடலாமாம். என்ன சொல்கிறீர்கள்? சீக்கிரம் எழுதுங்கள்.

சிக்னே

டெட்ராய்ட் ஆறு
அக்டோபர் 23

என் செல்லத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கப்பல் சமையல்காரனும் நானும் சிரித்தோம். நான் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன், தெரியுமா? கார் கண்ணாடியை இறக்கிவிடு, குளிர் அறைந்தால் தூக்கம் பறந்துவிடும். விண்ணப்பம் போகும்வரை பல்லைக் கடித்துக்கொள். இன்னொன்றையும் விட்டால் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நீ என் பெண், தாங்குவாய்.

அப்பா

மினசோட்டா
நவம்பர் 21

அப்பா,

கண்ணாடியை இறக்கித்தான் வைத்திருந்தேன்.

அவர் பெயர் லெம்பி கின்னுனென். செய்தித்தாள் எடுக்க வாசலிலிருந்து சாலையோரத்துக்கு வந்திருக்கிறார். எனக்கு நெற்றியில் தையல் மட்டும்தான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

போலீஸ்காரர் மெதுவாகத்தான் கேட்டார். "தூங்கிட்டியாம்மா?" ஆமாம் என்றேன். "அவ குழம்பிப் போயிருக்கா சார், எழுதாதீங்க" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் இன்னொரு தரம் ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார்.

அடக்கத்துக்குப் போனேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. அவருடைய மகன் நான் உட்கார இடம் விட்டு நகர்ந்தார். திட்டியிருக்கலாம்.

நீங்கள் துறைமுகத்திலிருந்து போன் செய்தீர்களே, அப்போது கீழே அம்மா பேச, மாடியில் இருந்த இணைப்புப் போனை நானும் எடுத்தேன். "சிக்னே எப்படி இருக்கா?" என்று கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். "இது காலேஜுக்குத் தெரிய வருமா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். அதற்கு மேல் கேட்க முடியாமல் வைத்துவிட்டேன்.

எல்லாப் பாடங்களையும் விட்டுவிட்டேன். விண்ணப்பம் எதுவும் அனுப்பவில்லை. ஏரி உறைந்து கப்பல்கள் நின்றதும் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள். அதற்குள் நான் வேறெங்காவது போயிருப்பேன். எங்கே என்று அம்மாவைக் கேட்காதீர்கள், எனக்கு எழுதவும் வேண்டாம்.

சிக்னே