சோற்றைப் போட்டுவிட்டு ஆளைத் துரத்திய படம்

1961 ஆவணி 4
முற்றத்தில் அவித்த நெல் காயப்போட்டோம். உழவு மெசின் ஓட்டுகிற நடராசா வேலியடியில் வந்து நின்று, “ஆச்சி, கேட்டுப் பாத்தனீங்களோ?” என்றான். என் மகன் பாலன் கண்ணை மூடி மூன்று வருஷம். மருமகள் சிவனேஸ்வரிக்கு இன்னும் முப்பதாகவில்லை. “பொறு மோனை” என்று அனுப்பினேன். பின்னேரம் அவள் தலைக்கு எண்ணெய் வைத்தபடி, நடராசாவைக் கட்டச் சம்மதமோ என்று மெல்லக் கேட்டேன். மாட்டன் என்று சொல்லவில்லை. சிரித்தாள்.

ஆவணி 11
கிளிநொச்சிக் கொட்டகைக்குப் பெரிய படம் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சனம் முட்டி மோதிப் பார்த்ததாம். அடுத்த வீட்டு அன்னபாக்கியம் எங்களுக்கும் சேர்த்து வண்டில் பிடித்திருக்கிறாள்.

ஆவணி 12
பார்த்தோம். கொட்டகை முழுக்க அழுகை. எனக்கு வயிறு எரிகிறது.

புருஷன் செத்த ஒருத்தி. டாக்குத்தர் ஒருவன் அவளை விரும்புகிறான், தங்கமான பொடியன். வீட்டுக்கு வந்தவனுக்கு அவளே சமைத்து, இலை போட்டு, தன் கையால் சோறு போட்டாள். தாலியும் மேளமும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் செய்கிற கலியாணம் அதுதானே! “சோறு குடுத்திட்டாளடி!” என்று அன்னபாக்கியம் என் தொடையில் தட்டினாள். நானும் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்தேன். பார்த்தால் அது வெறும் சாப்பாடாம்! அவன் கை கழுவ முன்னமே போகச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சேலையோடு கோயில் படியில் நின்று பாடுகிறாள். பெண் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒரு கிழவர் சொல்ல, சனம் கை தட்டுது. சோத்தைப் போட்டிட்டு ஆளைத் துரத்திறதோ? உது என்ன பழக்கம்?

திரும்பி வரும்போது அன்னபாக்கியம் மூக்கைச் சிந்திக்கொண்டு, “எங்கடை சிவனேஸ்வரியும் அவளைப்போலத்தான்” என்றாள். மருமகள் குனிந்துகொண்டாள்.

ஆவணி 13
மாட்டன் என்று சொல்லிவிட்டாள். அவளைப்போலவே இருக்கப் போகிறாளாம்.

ஆவணி 20
கிணற்றடியில் பெண்டுகள் அவளுக்கு வழி விடுகிறார்களாம், சாமி வந்ததுபோல. பேத்தி ஜெகதீஸ்வரி என் வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடிப் பாடி நடக்கிறாள்.
“என்னடி விளையாட்டு?”
“அம்மா விளையாட்டு, அப்பம்மா.”
துண்டைப் பறித்தேன். குஞ்சு அழுதது. பனங்கட்டி கொடுத்து மடியில் வைத்திருந்தேன். அந்தப் படத்துக்காரிக்கு வயல் இல்லை, வரம்பு இல்லை, ஒரு காய்ச்சல்கூட வராது. பாட்டு மட்டும் வரும்.

ஆவணி 24
இன்று வாய் பொறுக்கவில்லை. குசினிக்குள் வைத்துப் பிடித்தேன். “அவள் பாட்டு முடிய வீட்டை போயிடுவாள். நீ என்ன செய்வாய்? போடி, போய் வாழடி.”

அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். முகமெல்லாம் சாம்பல். “போ, போ எண்டுறியள். அவர் தாயிட்டை, நெடுங்கேணிக்கெல்லே கூட்டிக்கொண்டு போவார். உங்களை ஆர் மாமி பாக்கிறது? படத்தைச் சொன்னால் நீங்கள் பேசாமல் இருப்பியள் எண்டு நினைச்சன்.”

அட விசரி! படம் அவளுக்கு ஒரு சாட்டு. நான் இவ்வளவு நாளும் ஒரு வெள்ளைச் சேலையோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

“ஆரடி போகச் சொன்னது? அவன் இங்கை வரட்டும். இது உன்ரை வீடு.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அடுப்பு நூந்துபோச்சு மாமி” என்று திரும்பவும் ஊதத் தொடங்கினாள்.

புரட்டாதி 3
நடராசா இன்றைக்கு உள்ளே வந்து கதிரையில் இருந்தான். தாயைத் தமையன் பார்ப்பானாம். இங்கேயே வந்து இருக்கச் சம்மதம் என்றான். போகும்போது படலையில் இடித்துக்கொண்டான்.

ஐப்பசி 6
“இரண்டாம் கலியாணம்தானே, சத்தமில்லாமல் சோறு குடுத்தால் காணாதோ?” என்று அன்னபாக்கியம் கேட்டாள். காணாது. தாலி, கூறை, மேளம் எல்லாம் வைத்தேன். என்ரை பிள்ளையைக் களவாய்க் குடுக்க நான் ஆளில்லை. முன்னுக்கு நின்று அன்னபாக்கியம்தான் எல்லாரிலும் கூட அழுதாள். படத்துக்கும் அழுவாள், இதுக்கும் அழுவாள். நல்ல மனுசி.

ஐப்பசி 10
விடியவே மழை இருட்டு. விதைநெல் கடகத்தோடு நடராசா வாசலில் நின்று கூப்பிட்டான்: “மாமி, மழைக்கு முன்னம் விதைச்சுப்போடுவம், வாங்கோ.” அதே நேரம் குசினிக்குள்ளிருந்து இவளும், “மாமி, தேத்தண்ணி ஆறுது” என்றாள்.

ஆருக்கு முதல் ஓம் சொல்லுறது?