எருக்கு நட்ட வயல்

என் அக்காள் பெற்ற மாப்பிள்ளையே,

இன்று காலை உன் வயலில் மிதிபட்ட எருக்கந்தழையின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. லால்குடிப் பக்கம் கிளம்பிய அந்த நாற்றம் கொள்ளிடத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து, மலைக்கோட்டைப் பிள்ளையாரையே தும்ம வைத்திருக்கும். உனக்குத்தான் எட்டியிருக்காது.

கொள்ளிடம் உடைத்துக்கொண்டு வந்த வருஷம் உன் நிலத்தில் முழங்கால் ஆழத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போனது. ஊரே வண்டி கட்டி அள்ளியது, நீயும் அள்ளினாய். ஆடிக் காற்று அடித்ததும் அள்ளியதெல்லாம் வயலுக்கே திரும்பியது. ராவணன் இருபது கையாலும் வாரியிருந்தாலும் தீர்ந்திராது. அதன்பிறகு நீ மண்வெட்டியை வைத்துவிட்டு, அந்த மணலில் தானாக எது பிழைக்கிறது என்று பார்த்தாய். எருக்கு பிழைத்தது. காற்றை மறிக்கும், தழையை வெட்டி மிதித்தால் மணல் மண்ணாகும் என்று அதையே வயல் முழுக்க நட்டாய்.

"உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்று சபிக்கிற ஊர் இது. நான் சும்மா இருப்பேனா?

"மாப்ளே, அப்படியே பேய்க்கும் ஒரு பாத்தி கட்டிடு."

"பேய் தழை மிதிக்குமா மாமா? மிதிச்சா அழைச்சிட்டு வாங்க, ஆள் பத்தல."

உன் மாமனார் சிரிக்கவில்லை. "எருக்கு நடுற வீட்டுல எம்பொண்ணு விளக்கேத்த மாட்டா. அதைப் பிடுங்கிட்டு வந்து கூப்பிடுங்க" என்று மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பிடுங்க ஒரு காலைப்பொழுது போதும். "பிடுங்கினா மணல் மறுபடி நடக்க ஆரம்பிச்சிடும் மாமா. நெல்லு விளையட்டும், அவளே வருவா" என்று என்னிடம் சொன்னாய்.

நெல்லுக்கு முன்னால் குளிர்காய்ச்சல் வந்தது. யானையைத் தோளில் சுமந்தவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். உன்னைத் தூக்கியபோது ஒரு முறம் பதரின் கனம்கூட இல்லை.

கருமாதிக்கு வந்த உன் பெண்டாட்டி திரும்பிப் போகவில்லை. மாமனார் வண்டியை நிறுத்திக்கொண்டு கூப்பிட்டார்.

"இனிமே எருக்கு முளைச்சா என்னப்பா கெட்டுடப் போகுது?" என்றாள் அவள்.

வண்டி காலியாகப் போனது. இன்று தழை மிதித்ததும் அவள்தான்.

கீழ்ப்பாதியில் இந்தத் தையில் நெல் அறுத்தோம். மேல்பாதி இன்னும் மணல். ஈரத்தோடு ஒரு பிடி அள்ளி, இறுக்கி, விரலைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தாய்: உருண்டையாக நின்றால் மண், உதிர்ந்தால் இன்னும் ஒரு வருஷம் தழை. எங்கே போனாலும் குனிந்து அள்ளிப் பார்க்கிறேன். இன்று வயலிலிருந்து வரும் வழியில், ஆற்றோரம் உன்னை எரித்த இடத்திலும் ஒரு பிடி அள்ளி விரலைத் திறந்தேன்.

உதிர்ந்தது.