முப்பத்திரண்டில் இல்லாத பதினாறு பக்கம்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்தே மேற்கிலிருந்து கச்சான் காற்று. ஜன்னலைத் திறந்தால் மேசை முழுக்கத் தூசி, பூட்டினால் வேர்வை. துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று வந்து நிற்பதால் என் தராசு மேடைக்கு நிறுக்க வரும் லொறி வரிசை வாசலைத் தாண்டி வீதிவரை. கிழமை முழுக்க இப்படித்தான் இருக்கப்போகிறது.

செய்ய: கண்ணாடி மாற்றக் கொடுக்க (எண்கள் மங்கல்). நிறைத்துண்டு அடிக்கும் கடதாசி றோல் முடிகிறது, எழுதிக் கேட்க. அலுமாரிக்குக் கரையான் மருந்து. பலகையில் புதுப் புத்தகம்.

32 திரும்பி வந்தது. சித்திரையில் போனது. ஆறு சாரதிமார் கை மாறி, கடைசி ஆள் வெருகல் தவராசா அண்ணன் இன்று ஜன்னலால் நீட்டினார். "எப்பிடி அண்ணன்?" என்றேன். "நல்லம்." மூன்று வருடமாக எந்தப் புத்தகத்துக்கும் அவரிடம் இந்த ஒரு சொல்தான். ஆனால் ஒரு மூலை மடிப்பில்லை, ஒரு தேத்தண்ணிக் கறையில்லை. இப்படி வாசிக்கிற ஆட்கள் நூலகத்தில்கூட இல்லை.

என்னை நானே பாராட்டாவிட்டால் வேறு யார்? எழுதி வைக்கிறேன். தராசு அறையின் பழைய கோப்பு அலுமாரி, இன்று அதில் கோப்பு ஒன்றுகூட இல்லை, எல்லாம் கதைப் புத்தகம். துறைமுகத்தில் கழித்துவிட்ட கடல் வரைபடத் தாளில் எல்லாவற்றுக்கும் உறை போட்டவள் நான். முன்பக்கத்தில் எந்த ஆழ எண் விழுகிறதோ அதுதான் புத்தகத்தின் பேர். 9, 17, 32. "மிஸ், பதினேழு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வரிசையில் மூன்று மணித்தியாலம் போனை நோண்டிக்கொண்டு இருந்தவர்கள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் பலகை. "மிஸ்ஸின் சிபாரிசு" என்று எழுதி, கீழே எண். இரகசியம் இதுதான்: அது நான் முடித்த புத்தகம் அல்ல, பாதியில் நிற்கும் புத்தகம். முடித்து ஆறிப்போனதைப் பற்றி என்னால் சூடாகக் கதைக்க ஏலாது. பாதியில் நிற்கும்போதுதான் வாயில் தேன் ஊறும். யாராவது கேட்டால் அந்த நிமிடமே கொடுத்துவிடுவேன். என் அடையாளத் துண்டை அவர்கள் காணாமல் உருவிவிட்டுச் சொல்வேன்: "ஆறுதலா வாசியுங்கோ. உங்களுக்குப் பிடிக்கும்." முழுதும் வாசித்தவள் மாதிரி. பொய் அல்ல, கொஞ்சம் முந்திச் சொல்கிற உண்மை.

32ஐயும் அப்படித்தான் ப.138இல் கொடுத்தேன். கேட்டவர் கிண்ணியா நௌபர். ஒவ்வொருவரும் முடித்ததும் ஜன்னலில் வந்து "சூப்பர் மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். ஐந்து பேர், ஐந்து சூப்பர். தவராசா அண்ணனின் "நல்லம்" சூப்பரிலும் மேல்.

பாலையூற்று வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் வாசிப்பது பத்திரிகையில் மரண அறிவித்தல் மட்டும். கதிரையில் இருந்தபடியே:

"நீர் தராசில இருக்கிறீர். உம்மட்டப் புத்தகம் வாங்காட்டி வரிசையில பின்னுக்குத் தள்ளிப்போடுவீர் எண்டு பயம். வாங்கிச் சீற்றுக்குக் கீழ வைச்சிருந்திட்டுத் திருப்பித் தாறாங்கள்."

"நான் ஒருநாளும் ஒருத்தரையும் தள்ளினதில்லை."

"நீர் தள்ளமாட்டீர். அவங்களுக்குத் தெரியுமோ?"

சோற்றைப் போட்டேன். மீன் குழம்பில் உப்புக் கொஞ்சம் கூட என்றார். கூட இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று அடங்கவில்லை. மத்தியானம் லொறி இல்லாத அரை மணித்தியாலம். வாசலில் மான் ஒன்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றது. 32ஐ எடுத்து ப.138இலிருந்து தொடர்ந்தேன்.

அண்ணன் தம்பிக் கதை. தகப்பன் வீட்டுக் கூரையை யார் வேய்வது என்று வந்த சண்டையில் பதினொரு வருடம் பேச்சு இல்லை. தம்பிக்காரன் பேக்கரி வைத்திருக்கிறான். ப.160: மழை. கதவில் தட்டுச் சத்தம். தம்பிக்காரன் திறக்கிறான். அண்ணன் நிற்கிறான். அண்ணன் வாயைத் திறக்கிறான்.

தாளைப் புரட்டினால் ப.145.

மறுபடி 145 முதல் 160 வரை. அதற்குப் பிறகு நேரே 177. அங்கே இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் குந்திப் பாண் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள், தம்பிக்காரன் கையில் காயத்துக்குப் போட்ட பெரிய கட்டு. நடுவில் பதினாறு பக்கம் புத்தகத்திலேயே இல்லை. புத்தகம் கட்டினவன் ஒரு தொகுதியை இரண்டு தரம் வைத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டான்.

புத்தகம் விற்ற கடைக்காரனைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது. பிறகுதான் உறைத்தது. ஆறு பேர். கதையின் நெஞ்சே இல்லாத புத்தகத்தை ஆறு பேர் வாங்கி, சூப்பர், நல்லம் என்று திருப்பித் தந்திருக்கிறார்கள். ஒருவர்கூட "மிஸ், இதில பக்கம் இல்லை" என்று சொல்லவில்லை.

மடிப்பு இல்லை, கறை இல்லை என்று நேற்றுப் பெருமைப்பட்டேன். திறந்தால்தானே மடியும்.

உள்ளேயிருந்து ஒரு நிறைத்துண்டு விழுந்தது. பின்பக்கத்தில் பேனையால்: சண்டை 3, கூரை 2, அழுகை 1. ஏதோ படத்துக்குப் போட்ட மார்க். கூரை என்ன என்று விளங்கவில்லை. மேசை லாச்சிக்குள் போட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு.

ஆகஸ்ட் 6, புதன்

தலையிடி. பனடோல் 2. றோல் வந்தது. கரையான் மருந்து வாங்கவில்லை, யாருக்காக வாங்க?

ஆறு பேரில் ஒருவர் பத்து மணிபோல மேடை ஏறினார், கந்தளாய்ப் பக்கத்து ஆள். சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"32 எப்பிடி இருந்தது?"

"சும்மா சொல்லக்கூடாது மிஸ், நல்ல கதை."

"எந்த இடம் பிடிச்சது?"

"எல்லா இடமும்தான்." சொல்லிவிட்டுப் பின் லொறிக்காரரைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு. அவரும் சிரித்தார்.

மூன்று வருடம் என் முதுகுக்குப் பின்னால் இதுதானா நடந்தது? நான் ஜன்னலுக்குள் இருந்து கதாப்பிரசங்கம் வைக்க, அவர்கள் தலையாட்ட, மேடையை விட்டு இறங்கியதும் சீற்றுக்குக் கீழே எறிய.

யோசித்துப் பார்த்தால் நானும் சுத்தம் இல்லை. யாரையும் பின்னுக்குத் தள்ளவில்லை, உண்மை. ஆனால் புத்தகம் கேட்கிறவருக்குச் சிரித்த முகம், கேட்காதவருக்கு நிறைத்துண்டு மட்டும். அது அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

பலகையைத் துடைத்தேன். அலுமாரியைப் பூட்டி, பூட்டிலிருந்து திறப்பை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டில் இவர்: "என்ன, கதையைக் காணேல்லை?" தலையிடி என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் இரண்டு சொட்டு மழை, தூசிக்குக்கூடப் போதாது. நீல லொறி. நௌபர்.

"பலகை ஏன் மிஸ் வெறுமையாக் கிடக்கு?"

"எழுத நேரமில்லை."

"தவராசாண்ணன் 32ஐத் தந்திட்டாரா?"

"தந்திட்டார்."

"உள்ள ஒரு துண்டு வச்சிருந்தம். பாத்தீங்களா?"

"என்ன துண்டு?"

அவர் இறங்கி ஜன்னலடிக்கே வந்துவிட்டார். "அப்ப ஆறு பேரும் முடிஞ்சிது. இனிக் கேக்கலாம். அந்தப் பதினாறு பக்கத்தில என்ன நடந்தது மிஸ்?"

அவர் சொல்லிக்கொண்டே போனார். முதலில் வாசித்தவர் அவர். பக்கம் இல்லை என்று கண்டதும் திருப்பித் தர நினைத்தாராம். பிறகு யோசித்தாராம், மிஸ் முழுக்க வாசிக்காமல் ஒரு புத்தகத்தைத் தரமாட்டா, அப்படியென்றால் வேண்டுமென்றுதான் தந்திருக்கிறா, எங்களை யோசிக்க வைக்கிறா. அடுத்தவருக்கும் இதையே சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆறு பேரும் முடித்து, அவரே வந்து கேட்கும்வரை மிஸ்ஸிடம் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று ஒப்பந்தம். நேற்றைய சிரிப்பு அதுதான்.

"போன சனி ஹபரணைத் தேத்தண்ணிக் கடையில ஆறு பேரும் ஒண்டாயிட்டம். ஒரே சண்டை மிஸ். கடைக்காரன் எழும்பிப் போங்க எண்டுட்டான். நான் சொன்னன், அண்ணன்காரன் வாய் திறந்ததும் பழசக் கிளறியிருப்பான், தம்பிக்காரன் பேக்கரிக் கண்ணாடியில குத்தியிருப்பான், அதுதான் கையில கட்டு. மூணு பேர் அந்தப் பக்கம். ஒருத்தன் ரெண்டுபேரும் அழுதாங்க எண்டான். தவராசாண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? பழைய சண்டைய ரெண்டுபேரும் தொட்டே இருக்கமாட்டாங்களாம். 'மழை பெய்யிது, கூரை ஒழுகுதா?' எண்டு அண்ணன்காரன் கேட்டிருப்பானாம். ரெண்டுபேரும் ஏறி வேஞ்சிருப்பாங்களாம். தகரம் கையை வெட்டியிருக்குமாம். கூடப்பிறந்தவங்க அப்படித்தான் கதைப்பாங்க எண்டார். இன்னொருத்தனும் அவர் பக்கம் சாஞ்சிட்டான், அந்தக் கணக்குத்தான் துண்டில. ஒரு மணித்தியாலம் கதைச்சார் மிஸ் அந்த மனிசன்."

தவராசா அண்ணன். ஒரு மணித்தியாலம். என்னிடம் மூன்று வருடத்தில் "நல்லம்".

"சரியான விடை எது மிஸ்? நீங்க வேணுமெண்டுதானே தந்தீங்க?"

கடவுளே, என் வாய். "ஓம், வேணுமெண்டுதான்," என்றது. மகாராணி மாதிரி. "சனிக்கிழமை சொல்லுறன். இன்னும் யோசியுங்கோ."

பின்னால் ஹோன் அடித்தார்கள். அவர் ஓடிப்போய் ஏறினார். அலுமாரியைத் திறந்தேன், பலகையில் 17 எழுதினேன். பெருமை நெஞ்சுக்குள் கொள்ளவில்லை. மத்தியானம் இரண்டு பேரின் சோறு சாப்பிட்டிருப்பேன்.

நாலு மணிக்குப் பிறகுதான் கூசத் தொடங்கியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காற்று. வெள்ளி என்பதால் கிண்ணியா லொறிகள் குறைவு, நௌபரும் இல்லை. நல்லதாய்ப் போயிற்று.

புத்தகக் கடைக்குப் போன் எடுத்தேன். அந்தப் பார்சலில் இரண்டு மூன்று புத்தகம் பிழையாக வந்ததாம், நல்லது ஒன்று இருக்கிறதாம், கொண்டுவந்தால் மாற்றித் தருவாராம். கடை பஸ் நிலையத்தடியில், வேலை விட்டு ஐந்து நிமிட நடை. போய் அந்தப் பதினாறு பக்கத்தையும் வாசித்துவிட்டு நாளைக்கு "சரியான விடை" சொல்லலாம். ஒருவருக்கும் தெரியவராது.

கடைவரை போனேன். வாசலில் நின்றேன். திரும்பி வந்தேன்.

அவர்கள் என் பேரை நம்பி ஒரு பிழைப் புத்தகத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் வாசித்தவர்கள். மேலும் மேலும் ஏமாற்ற மனம் வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, எது கூட என்று சொல்லத் தெரியவில்லை.

இவரிடம் எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். பத்திரிகையை மடித்து வைத்தார்.

"ஒரு கதைக்காகக் கடையில இருந்து எழுப்பி விட்டவங்களோ?"

"ஓம்."

பிறகு, "அப்ப அண்ணன்காரன் என்னதான் சொன்னவன்?"

"எனக்கும் தெரியாது."

"தெரியாமலே சிபாரிசு பண்ணினனீரோ?" என்றார். அதன் பிறகுதான் அந்தச் சிரிப்பு. திங்கட்கிழமை சொன்னதைத் திருப்பி எடுக்கிறேன் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் படுக்கப் போகுமுன் குசினிக்கு வந்து, "சண்டையாத்தான் இருக்கும்" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

அரை நாள் வேலை. வெயில் ஒன்பது மணிக்கே கொளுத்தியது. கண்ணாடி இன்னும் கொடுக்கவில்லை.

பத்தரைக்கு நீல லொறி, அதற்குப் பின்னால் தவராசா அண்ணன், அதற்கும் பின்னால் கந்தளாய் ஆள். சேர்ந்துதான் வந்திருக்கிறார்கள். நௌபர் மேடையில் நிறுத்தி இறங்கியதும் மற்ற இரண்டு பேரும் இறங்கி நடந்து வந்தார்கள்.

"சொல்லுங்க மிஸ்," என்றார் நௌபர்.

இரவு முழுக்கப் பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை. "நான் வாசிக்கேல்லை," என்றேன். "138இல நிண்டனான். நீங்கள் கேட்டோன்ன தந்திட்டன். பக்கம் இல்லாதது செவ்வாய்க்கிழமைதான் தெரியும். வேணுமெண்டு தந்தது எண்டு சொன்னது பொய்."

தராசின் எண் மட்டும் மினுங்கிக்கொண்டு இருந்தது. நௌபர் என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார்.

"அப்ப மிஸ்ஸுக்கு முந்தி நாங்கதான் வாசிச்சு முடிச்சமா?"

"ஓம். எனக்கு முந்தி நீங்கள்தான்."

அவர் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டும். வரிசையைப் பார்த்து, "டேய், நாங்க மிஸ்ஸுக்கு முந்திட்டம்டா" என்று கத்தினார். கத்தியதோடு நில்லாமல் லொறியில் ஏறி ஹோனை அமத்திப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனார். காவலாளி ஓடிவந்து பார்த்தார். கந்தளாய் ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தவராசா அண்ணன் போகவில்லை. ஜன்னலுக்குள் எட்டி, மேசையில் கிடந்த 32ஐ எடுத்துப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். ப.177.

"இதோட நிப்பாட்டிப் போடாதீங்க. இதுக்குப் பிறகுதான் கதை இருக்கு," என்றார். "ஆறுதலா வாசிங்க மிஸ். உங்களுக்குப் பிடிக்கும்."

நான் வாங்கிக்கொண்டேன். இந்த ஜன்னலால் இதுவரைக்கும் எனக்கு ஒருவரும் ஒரு புத்தகம் சொல்லித் தந்ததில்லை. அவர் லொறி மேடை ஏறியபோது எண் சரியாகத் தெரியவில்லை. இரண்டு தரம் துடைத்துத்தான் எழுதினேன். கண்ணாடியில் பிழை இல்லை.

17ஐ அழித்துவிட்டுப் பலகையில் எழுதியது:

மிஸ் இப்போது வாசிப்பது: 32.
சிபாரிசு: வெருகல் தவராசா.